கழுவாமல் கொடுங்க

தினுஷாவின் கைப்பக்குவத்துக்குச் சான்று தினமும் பிற்பகல் இரண்டரை மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கும். நாற்பத்தாறு எவர்சில்வர் பெட்டிகள். காலையில் சோறும் கறியுமாகக் கனத்துப் போனவை, திரும்பும்போது ஒரு பருக்கை ஒட்டாமல், சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மூடி போட்டு வரும்.

“ஒருத்தராவது மிச்சம் வச்சாங்களா பாருங்க” என்று அவள் கணவன் சசிக்குமாரிடம் சொல்வாள்.

“ஆமா புள்ள. பெட்டியையும் சேத்துத் திங்காம விட்டாங்களே” என்பான் அவன்.

இரண்டு வருடமாக இப்படித்தான். அலுவிகாரையில் பெரிய வீதியிலிருந்து இறங்கும் சரிவில் அவர்கள் வீடு. விடிகாலையில் அடுப்பு எரியும். பதினொன்றரைக்கு ஆட்டோ புறப்படும். மாத்தளை நகருக்குள் ஒரு மூன்று மாடி அரசாங்க அலுவலகத்தில் போய் நிற்கும். அந்த நாற்பத்தாறு பேரைத் தவிர தினுஷாவுக்கு வேறு வாடிக்கை கிடையாது. காலை, பிற்பகல் இரண்டு சவாரியும் பெட்டிக்கு என்பதால் சசிக்குமாருக்கும் ஏறக்குறைய அதுதான் பிழைப்பு.

ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை பிற்பகல், வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. சிவதர்ஷினி. அந்த அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர், வவுனியாப் பிள்ளை. சாப்பாட்டுப் பட்டியலை வைத்திருப்பவள் அவள்தான்.

“அக்கா, ஒருக்கா இஞ்ச வந்திட்டுப் போகேலுமோ?”

“என்னா மிஸ், சாப்பாட்டுல ஏதும் கெடந்துச்சா?”

“ஐயோ, அப்பிடியொண்டும் இல்லை. போனிலை சொல்லேலாது. வாங்கோவன்.”

பஸ்ஸில் போகும் வழியெல்லாம் தினுஷா முடி, கல், புழு என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பயந்துகொண்டே போனாள். எதுவுமில்லை. சிவதர்ஷினி அவளைக் கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப் போனாள். அங்கே கை கழுவும் குழாய்கள் நான்கு. குழாய்க்குப் பின்னால் இடுப்பளவு மதில். மதிலுக்கு அப்பால் ஒரு பலா மரமும் சரிவும். மதிலில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இருபது இருக்கும். அதிலொன்று கையில் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தின்றுகொண்டிருந்ததை தினுஷா உடனே அடையாளம் கண்டாள். அன்றைய பயித்தங்காய்ப் பொரியல். அன்றைக்குத்தான் வழக்கத்தைவிடச் சின்னதாக நறுக்கியிருந்தாள்.

மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். சோறு. அடியில் கறுத்து, நடுவில் மஞ்சளாகி, மேலே அன்றைய சிவப்பு நாட்டரிசிச் சோறு. புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது.

“யாரு மிஸ் கொட்டுனது?”

“எல்லாரும்தான் அக்கா. நானும்தான்.”

“பெட்டி காலியாத்தானே வருது?”

“கழுவித்தானே தாறம்! மிச்சத்தோட பெட்டியைத் திருப்பிக் குடுக்கிறதோ? எங்கட அம்மா அறிஞ்சா என்னைக் கொண்டுபோடுவா.”

 பக்கத்து வீட்டிலிருந்து கறி வந்த கிண்ணத்தைக் கழுவாமல் கொடுக்கக் கூடாது என்று தினுஷாவுக்கும்தான் சொல்லி வளர்த்திருந்தார்கள். வவுனியாவிலும் அதே பழக்கம், அவள் வளர்ந்த றத்தோட்டைத் தோட்டத்து லயத்து வீட்டிலும் அதே பழக்கம். நாற்பத்தாறு பேரும் மரியாதை தெரிந்தவர்கள். அந்த மரியாதைதான் இந்தக் குவியலை இரண்டு வருடம் அவள் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருந்தது.

விஷயம் குவியலோடு நிற்கவில்லை. போன வெள்ளிக்கிழமை ஒரு குரங்கு இரண்டாம் மாடி ஜன்னலால் உள்ளே குதித்து, கையெழுத்துக்குக் காத்திருந்த கோப்பின் மேல் தேநீரைக் கவிழ்த்து, ஒரு அம்மாவின் கைப்பையையும் தூக்கிக்கொண்டு பலா மரத்தில் ஏறிவிட்டது. பணிப்பாளர் மேடம் அன்றைக்கே சொல்லிவிட்டார்: அடுத்த மாதத்திலிருந்து வெளிச்சாப்பாடு வேண்டாம், பெட்டியை நிறுத்துங்கள்.

அப்போது படியிறங்கி வந்தார் ஆறுமுகநாதன். நிர்வாக உத்தியோகத்தர், ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. குடும்பம் யாழ்ப்பாணத்தில், இவர் மட்டும் மாத்தளையில் அறை எடுத்து இருக்கிறார். சட்டைப் பையில் இரண்டு பேனை. சிரித்து யாரும் கண்டதில்லை.

“பிள்ளை, மேடத்திட்டை ரெண்டு கிழமை கேட்டு வாங்கியிருக்கிறன்” என்றார். “முடிவிலை நான் அறிக்கை குடுக்க வேணும். பின்னுக்குச் சோறு விழக்கூடாது. விழுந்தா, பெட்டி நிக்கும். விளங்குதுதானே?”

“விளங்குது சேர்.”

சொல்லிவிட்டு அவர் ஏறிப் போய்விட்டார். ஒரு குரங்கு மதிலில் இருந்தபடி தினுஷாவைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

வேறொரு சமையற்காரிக்கு இது நடந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. தினுஷா எட்டு வருடம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புஹாரி முதலாளியின் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவள். தட்டுக் கழுவச் சேர்ந்து, கறிக்கு உயர்ந்தவள். கடையில் எந்தக் கறி சரியில்லை என்று காசு மேசையில் இருப்பவருக்குத் தெரியுமுன்னே தட்டுக் கழுவுகிறவளுக்குத் தெரிந்துவிடும். ஒரு நாள் அவள் முதலாளியிடமே போய்ச் சொன்னாள்: நாலு தட்டுக்கு ஒரு தட்டுச் சோறு வாளிக்குத்தான் போகிறது என்று.

“சோத்தக் கொறச்சா கடைக்குப் பேர் போயிரும் புள்ள” என்றார் புஹாரி. “ஊட்டுல கொறச்சுப் போட்டா வாய் தொறக்க ஏலாது. அதுக்குத்தானே மனுஷன் கடைக்கு வாறான்.”

சொன்னாரே தவிர, அடுத்த வாரமே தட்டில் குவித்துக்கொண்டு வரும் வழக்கத்தை நிறுத்தினார். முதலில் அளவாக ஒரு முறை, பிறகு “இன்னும் சோறு?” என்று கேட்டு இன்னொரு முறை. மூன்று வாளி ஒன்றரை வாளியானது. அன்றிலிருந்து தினுஷாவுக்கு அந்தக் கடையில் ‘வாளி டாக்டர்’ என்று பெயர். “என்ன வாளி டாக்டர், இன்டைக்கு நோயாளி எப்பிடி?” என்று கேட்டுக்கொண்டுதான் முதலாளி பின்கட்டுக்குள் வருவார்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் சமையல் கேஸ் எங்கும் கிடைக்காமல் அந்தக் கடை மூன்று மாதம் மூடிக் கிடந்தது. திறந்தபோது பாதி ஆட்களோடுதான் திறந்தது. அந்தப் பாதியில் தினுஷா இல்லை. வீட்டில் விறகடுப்பு மூட்டிப் பெட்டிச் சாப்பாடு தொடங்கினாள். தொடங்கிய நாளிலிருந்து, என் வாளி எங்கே என்று ஒரு தடவைகூட அவள் கேட்கவில்லை. பெட்டி பளபளத்தது. அது போதுமாக இருந்தது.

மறுநாள் மதியம் பெட்டிகளோடு அவளும் ஆட்டோவில் ஏறினாள். சாப்பாட்டு அறையில் முப்பது பேர் இருக்கும்போது எழுந்து நின்று, முதலில் தமிழிலும் பிறகு சிங்களத்திலும் சொன்னாள்.

“நாளையில இருந்து பெட்டியக் கழுவாமக் குடுங்க. மிச்சம் எது இருந்தாலும் அப்பிடியே மூடிக் குடுத்திருங்க. எனக்கு அத பாக்கணும்.”

 கணக்குப் பகுதி றமீஸாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“அல்லாஹ்! எச்சிப் பெட்டியவா?”

“ஏன், எங்கட சவர்க்காரம் பிடிக்கேல்லையோ?” என்றது ஒரு ஆண் குரல். சிரிப்பு.

சிவதர்ஷினி சிரிக்கவில்லை. “அக்கா, நாங்கள் திண்ட எச்சிலை நீங்கள் கழுவுறதோ? எங்களை என்னெண்டு நினைப்பியள்?”

“புஹாரி கடையில ஒரு நாளைக்கு முன்னூறு எச்சித் தட்டு கழுவுனவ மிஸ் நான். ஒங்க எச்சி மட்டும் என்னா, தனியாவா இருக்கப் போகுது?”

வீட்டில் இன்னொரு சண்டை காத்திருந்தது.

“எச்சிப் பெட்டிய என் ஆட்டோவுல ஏத்த மாட்டேன்” என்றான் சசிக்குமார். “முன்னுக்கு முத்துமாரியம்மா படம் இருக்கு.”

“அம்மா முன்னுக்கு இருக்கா. பெட்டி பின்னுக்கு இருக்கு. அவ திரும்பிப் பாக்க மாட்டா.”

“நாறும்ல?”

“ரெண்டு கெழமை நாறட்டும். பெட்டி நின்னு போச்சுன்னா ஆட்டோ வாசமாத்தான் இருக்கும். ஏத்துறதுக்குத்தான் ஒண்ணும் இருக்காது.”

ஏற்றினான்.

முதல் நாள் நாற்பத்தாறில் பதினேழு பெட்டிகள்தான் கழுவாமல் வந்தன. அதிலும் பாதியில் ஒன்றுமே மிச்சமில்லை. தினுஷா சந்தோஷப்படப் போனாள். மாலையில் சிவதர்ஷினி போனில் முனகினாள். “வயிறு வெடிக்கத் திண்டன் அக்கா. உங்களுக்குப் பயந்து.” அவள் மட்டுமில்லை. ஒருவர் மிச்சத்தைப் பத்திரிகைத் தாளில் சுற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போக, மறுநாள் காலை இழுப்பறையிலிருந்து எறும்பு ஊர்வலம் புறப்பட்டு மாடி முழுக்கத் தெரிந்துபோனது.

சமைக்கிறவள் ஒருத்தி, தயவு செய்து மிச்சம் வையுங்கள் என்று ஆள் ஆளாகப் போன் போட்டுக் கெஞ்சியது அந்த வாரம்தான். “சாப்புட முடியாதத சாப்புடாதீங்க. ஒளிக்காதீங்க. எனக்கு மிச்சம்தான் வேணும்.” வெட்கம் மெல்ல மெல்லத்தான் இளகியது. வெள்ளிக்கிழமை நாற்பத்தைந்து பெட்டிகள் கழுவாமல் வந்துவிட்டன. ஒன்றே ஒன்று மட்டும் வழக்கம்போலத் துடைத்து மினுக்கி வந்தது. மூடியில் நம்பர் ஒன்று. ஆறுமுகநாதனுடையது.

தினுஷா முற்றத்துச் சீமெந்தில் நாற்பத்தைந்து பெட்டிகளையும் திறந்து வரிசையாக வைத்தாள். குனிந்து குனிந்து வரிசையோடு நடந்தாள். பதினைந்து நிமிடத்தில் விஷயம் பிடிபட்டது. கறிகள் ஏறக்குறைய முழுக்கப் போயிருந்தன. பாகற்காய் மட்டும் ஏழெட்டுப் பெட்டியில் ஓரமாக ஒதுங்கியிருந்தது. மற்றதெல்லாம் சோறு. பெட்டியின் இரண்டு மூலைகளில், கறி படாமல், கரண்டியால் அமுக்கிய அச்சோடு அப்படியே நின்ற சோறு. பக்கத்து வீட்டில் மிளகு நிறுக்கும் தராசை வாங்கி வந்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி நிறுத்தாள். ஆறு கிலோவுக்கு மேல்.

“ஒரு நாளைக்கு ஆறு கிலோ சோத்த நானே ஏத்திக்கிட்டுப் போயி குரங்குக்குப் போட்டுருக்கேன்” என்றான் சசிக்குமார். “ஒரு வாழ்த்துக்கூடச் சொல்லல அதுக.”

தினுஷா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழும்பில் மொத்தமாக வாங்கியபோது அந்த ஒரு அளவுதான் இருந்தது. பெரிய பெட்டி. விளிம்பு வரை சோறு வைக்காவிட்டால் ஆட்டோ குலுக்கலில் எல்லாம் ஒரு பக்கம் சரியும். கறி பொரியலோடு கலக்கும். அதோடு, குறைந்த பெட்டியைத் திறக்கிறவர் சமைத்தவளின் மனசும் குறைவு என்று நினைத்துவிடுவார். அந்தப் பயத்தில்தான் அவள் அமுக்கி அமுக்கி வைத்தாள். யாருக்கு எவ்வளவு பசி என்று பார்த்ததேயில்லை. பெட்டிக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு.

யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டுப் பார்த்தாள். சிவதர்ஷினி ஒரு தாளில் முழு, முக்கால், அரை என்று மூன்று கட்டம் போட்டு மாடி மாடியாக அனுப்பினாள். தாள் திரும்பி வந்தபோது நாற்பத்து நான்கு பேர் ‘முழு’. றமீஸா மட்டும் ‘முக்கால்’. ஒரு ஆண் ‘அரை’யில் புள்ளடி போட்டு, பிறகு அதை வெட்டி ‘முழு’வுக்கு மாறியிருந்தார். நம்பர் ஒன்றுக்கு நேரே வெறுமை.

“பக்கத்திலை இருக்கிறவை பாப்பினமெல்லோ அக்கா” என்றாள் சிவதர்ஷினி. “ஆம்பிளையள் அரை எண்டு போடுவினமோ? பொம்பிளையளுக்கு முழு எண்டு போட வெக்கம், அரை எண்டு போட்டாக் காசில்லை எண்டு நினைப்பினம் எண்டும் வெக்கம்.”

“சரி மிஸ். இனி யாரையும் கேக்கல.”

அன்று மாலை தினுஷா பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, சிவப்பு நகப்பூச்சுப் போத்தலோடு உட்கார்ந்தாள். அடியில் ஒரு புள்ளி என்றால் அரை. இரண்டு, முக்கால். மூன்று, முழு. எந்தப் பெட்டியில் எவ்வளவு மிஞ்சியது என்று மூன்று நாளாகப் பார்த்த கணக்குத்தான். இதுவரை சோற்றுக்கு மேலே தனியாக மூடி வைத்த பருப்புக் கிண்ணத்தைப் பெட்டிக்குள்ளேயே ஒரு மூலையில் இறக்கினாள். கிண்ணம் இடத்தை அடைத்துக்கொண்டது. சோறு குறைந்தும் பெட்டி நிறைந்தது. ஒன்றும் சரியவில்லை.

நம்பர் ஒன்றைக் கையில் எடுத்தபோதுதான் தயங்கினாள். சிவதர்ஷினிக்குப் போன் போட்டாள்.

“பெரிய சேர் எவ்வளவு சாப்புடுவாரு மிஸ்?”

“அவர் பாதிதான். என்ர மேசையிலை இருந்து பாத்தாத் தெரியும். பாதியோட மூடிப்போட்டு எழும்பிடுவார்.”

மிச்சப் பாதி எங்கே போகிறது என்பதற்கு மதிலுக்கு அப்பால்தான் பதில் இருக்கிறதே. தினுஷா ஒரு புள்ளி வைத்தாள்.

இரண்டாவது வாரம் திங்கட்கிழமை, பன்னிரண்டரைக்கு முதல் போன். “அக்கா, அரிசி விலை கூடிட்டுதோ எண்டு கேக்கினம்.” ஒரு மணிக்குப் பிறகு போன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்று பேருக்குச் சோறு போதவில்லை என்று தகவல் வந்தது; யாரும் தனக்கென்று சொல்லவில்லை, ஆளுக்கு ஒரு ‘சிநேகிதருக்கு’ என்று சொன்னார்கள். தினுஷா அந்த மூன்று பெட்டிக்கும் ஒவ்வொரு புள்ளி கூட்டினாள். பாகற்காயை அந்த எட்டுப் பேருக்கு நிறுத்தி வாழைப்பூ வைத்தாள். புதன்கிழமை குழாயடியில் புதிதாக ஒன்றும் விழவில்லை. குரங்குகள் மதிலில் இருந்து சாப்பாட்டு அறையை உற்றுப் பார்த்தன. ஒன்று ஆத்திரத்தில் வாசல் கால்மிதியைத் தூக்கிக்கொண்டு போனது. வெள்ளிக்கிழமை மதிலில் ஏழு குரங்குதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்த மிச்சம் ஒரு சின்னச் சட்டிக்குள் அடங்கியது. அதைப் பக்கத்து வீட்டுக் கோழிகள் பார்த்துக்கொண்டன. அறிக்கை திங்கட்கிழமை.

ஞாயிறு மாலை, சரிவில் குடை ஊன்றி யாரோ இறங்கி வருவதைப் பார்த்த சசிக்குமார் சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினான்.

“புள்ள, பெரிய சேர்!”

தினுஷா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். இவர் வீடு தேடி வந்தால் பெட்டி நிற்கப் போகிறது என்றுதான் அர்த்தம். பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டார்கள். தேநீர் வந்தது, சீனி இல்லாமல் போதும் என்றார்.

“அறிக்கை எழுதி முடிச்சிட்டன்” என்றார். “மேடம் பாக்க முதல் அதிலை என்ன இருக்கெண்டு நான் சொல்லேலாது. இப்ப கேக்க வந்ததுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை முதலே சொல்லிப்போடுறன்.”

“சரிங்க சேர்.”

அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “என்ர பெட்டியிலை சோறு குறைஞ்சு போச்சு.”

“ஆமாங்க சேர். பாதிதான் சாப்புடுறீங்கன்னு சொன்னாங்க. அதான்…”

“பாதிதான் சாப்பிடுறனான். அது சரி.” கோப்பையைக் கீழே வைத்தார். “மற்றப் பாதி ராவுக்கு.”

தினுஷா சசிக்குமாரைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

விஷயம் சின்னது. மந்தண்டாவளைப் பக்கம் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் இருக்கிறார். வீட்டுக்கார அம்மா சமைக்க விடமாட்டார். தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல் மட்டும்தான். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு. இரவுக் குளிசை மாத்திரைக்கு முன்னால் ஏதாவது சாப்பிட வேண்டும், கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்வதில்லை. அதனால் மத்தியானம் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்தி மிச்சப் பாதியைத் தன் சொந்த டப்பாவுக்கு மாற்றி, பெட்டியைக் கழுவித் துடைத்துக் கொடுத்துவிடுவார். இரண்டு வருடமாக. மதிலுக்கு அப்பால் இருந்த குவியலில் அவர் கொட்டிய பருக்கை ஒன்றும் கிடையாது.

“அப்ப இந்த ஒரு கெழமையா ராத்திரிக்கு?”

“பிஸ்கட்.”

“சீனி வருத்தத்துக்கு பிஸ்கட்டா!”

“வியாழக்கிழமை படியிலை கொஞ்சம் தலை சுத்திச்சுது. பெரிசா ஒண்டுமில்லை.”

“ஒரு போன் போட்டுருக்கலாமே சேர்” என்றான் சசிக்குமார், தாங்காமல்.

“என்னெண்டு தம்பி சொல்லுறது? நிர்வாக உத்தியோகத்தர் மத்தியானச் சோத்தைப் பொத்திக் கொண்டுபோய் ராவிலை தின்னுறார் எண்டு ஒப்பிஸ் முழுக்கக் கதைக்கவோ?”

நாற்பத்தாறு பேரில் சோற்றை வீணாக்காத ஒரே ஆளின் வயிற்றில்தான் அவள் கை வைத்திருக்கிறாள். அவர் பெட்டி கழுவி வந்ததால், மற்றவர்களைப் போலத்தான் இவரும் என்று முடிவு கட்டியிருக்கிறாள். தினுஷாவுக்கு முகம் சுட்டது. மன்னிப்புக் கேட்டால் அவர் இன்னும் கூசிப் போவார் என்று தெரிந்தது. அதனால் வேலையைப் பற்றிக் கேட்டாள்.

“பால் விட்ட கறி ராத்திரி வரைக்கும் நிக்குதா சேர்?”

ஆறுமுகநாதன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். “சில நாள் புளிச்சிடும். முக்கியமாப் பருப்பு.”

“அப்ப என்னா செய்வீங்க?”

“அதை மட்டும்…” அவர் குரல் இறங்கியது. “வீட்டுக்கார அம்மான்ர குரோட்டன் சாடிக்குள்ளை ஊத்திவிடுவன்.”

சசிக்குமார் இருமுவதுபோலத் திரும்பிக்கொண்டான். ஆறுமுகநாதனின் மீசைக்குக் கீழே ஏதோ ஒன்று அசைந்தது. சிரிப்பு என்று பிறகு சசிக்குமார் சத்தியம் செய்தான்.

“இனி ரெண்டு பங்கா வைக்கிறேன் சேர். மத்தியானத்துக்குப் பால் கறி. ராத்திரிப் பங்கு தனியா ஒரு சின்ன டப்பாவுல, ஈரமில்லாத கறியாப் பாத்து. பெரட்டல், கருவாடு, வறுவல். அது எட்டு மணி வரைக்கும் தாங்கும்.”

“காசு கூடத் தருவன்.”

“ரெண்டு வருசமா குடுத்த காசுக்கு அதே சோறுதானே சேர். நாந்தான் நடுவுல கொறச்சுட்டேன்.”

“ஒரு விசயம்…” என்று அவர் தொடங்கினார்.

“யாருக்கும் தெரியாது சேர். நாங்க ரெண்டு பேருந்தான்.”

புறப்படும்போது வீட்டுச் சோற்றிலும் பலாக்காய்க் கறியிலும் ஒரு பார்சல் கட்டிக் கொடுத்தாள். வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரம் பைக்குள் வைத்து, அதன்மேல் பத்திரிகையை மடித்து மூடிக்கொண்டார். அறிக்கையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தபோது சிவதர்ஷினியின் குரல் கைபேசியில் கிறீச்சிட்டது.

“அக்கா, மேடம் கையெழுத்துப் போட்டிட்டா! பெட்டி நிக்காது! மூண்டு மொழியிலையும் சுற்றறிக்கை ஒட்டியிருக்கு. பெட்டியைக் கழுவாமல்தான் குடுக்க வேணுமாம், சேர்தான் அப்பிடிப் போடச் சொன்னவர். ஆனா ஒரு நிபந்தனை. மதிலுக்கு அங்கால கிடக்கிறதைப் போட்ட ஆக்களே அள்ளிக் குழி வெட்டித் தாட்டுவிட வேணும். நாளைக்குப் பின்னேரம். என்ர கடவுளே, அந்த நாத்தத்திலை!”

தினுஷா அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த பலகையில் உட்கார்ந்தாள். இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து மிச்சப் பெட்டிகளை மூடினாள். பதினொன்றரைக்கு ஆட்டோ புறப்பட வேண்டும்.

புதன்கிழமை பெட்டி எடுக்கப் போன சசிக்குமார் நாலரைக்குத்தான் திரும்பினான். வேடிக்கை பார்த்துவிட்டு வந்திருந்தான்.

“பாக்கணும் புள்ள நீ. எல்லாரும் மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கிறாங்க. றமீஸா மிஸ் ரெண்டு முகக்கவசம் போட்டுருக்கு. யாரும் கிட்டப் போகல. பெரிய சேர்தான் கால்சட்டைய மடிச்சுக்கிட்டு மொதல்ல எறங்கி மம்பட்டியத் தூக்குனாரு. குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடுற வரைக்கும் நகரல.”

“அவரா?”

“அவருதான். பின்னுக்கு ரெண்டு பேரு சிரிக்கிறானுங்க. ‘சேர்தான் கூடக் கொட்டியிருப்பார், அதுதான் இவ்வளவு மும்முரம்’னு. அவரு காதுலயும் விழுந்துச்சு. ஒண்ணும் பேசல. எனக்கு இந்தா இவ்வளவு தூரம் வந்துருச்சு.” தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

“சொல்லிட்டீங்களா?”

“சொல்லல.”

தினுஷா பெருமூச்சு விட்டாள். வாக்குக் கொடுத்தாயிற்று.

“மூணாம் மாடியில இன்னும் ஒம்பது பேர் பெட்டி கேக்குறாங்களாம்” என்றான் சசிக்குமார், பெட்டிகளை இறக்கிக்கொண்டே. “ஒம்பது பெட்டி வாங்கணும்.”

“சின்ன சைஸாப் பாத்து வாங்குங்க. அது இல்லன்னா வாங்காம வாங்க, நான் தேடிக்கிறேன்.”

அவள் நாளைக்கான கத்தரிக்காயை இரண்டு கூறாகப் பிரித்தாள். பெரிய கூறு காலையில் பாலில் வேகும். சின்னக் கூறை உப்பும் மஞ்சளும் பிரட்டி முறத்தில் பரப்பி, ஈரம் இழுக்க வைத்தாள். பொரித்து வைத்தால் இரவு எட்டு மணிக்கும் கெடாது.